51ஆவது கிழமையின் வட்டி

கேள்வி: நுண்கடன் கொம்பனிகளிடம் கடனைக் கைநீட்டி வாங்கிக் கையொப்பமும் வைத்துவிட்டு, கட்டச் சொன்னால் ‘கொம்பனிகளின் பேராசை ஒழிக’ என்று மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் பதாகை பிடிக்கிறார்கள். 2011இல் நியூயோர்க்கிலும் 2022இல் காலிமுகத்திடலிலும் நடந்ததும் இதே கூத்துத்தானே? நீங்கள் இவர்களோடு போய் நிற்பீர்களா?

- வாசகர் ஒருவர், மல்லாவி

பதில்: நிற்பேன்.

கையொப்பத்திலிருந்தே தொடங்குவோம். உங்கள் அயலில் யாராவது ஒருத்தியின் கடன் அட்டையை வாங்கிப் பாருங்கள். 50,000 ரூபா கடன், வருடத்துக்கு 24 வீத வட்டி, 52 கிழமைத் தவணை என்று வைப்போம். கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும் வட்டி கடைசிவரை முழு 50,000க்கும்தான்; மொத்த வட்டி 12,000. கிழமைக்கு 1,192 ரூபா கட்ட வேண்டும்; அதில் 231 ரூபா வட்டி. வாங்கிய முதற்பணத்தின் பெரும்பங்கைக் கட்டி முடித்து 51ஆவது கிழமைக்கு வரும்போது அவள் திருப்பிக் கொடுக்க வேண்டிய முதற்பணம் 1,923 ரூபாதான். அதற்கும் அந்தக் கிழமை அதே 231 ரூபா வட்டி! குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் அந்த 24 வீதம் 40ஐத் தாண்டிவிடும். கொடுத்தவருக்கு இந்தக் கணக்குத் தெரியும். வாங்கியவளுக்கு அதை யாரும் தமிழில் விளங்கப்படுத்தவில்லை. அந்தக் கையொப்பத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேறு வழி இருந்ததா என்றும் கேளுங்கள். போர் முடிந்து மீள்குடியேறி வந்தபோது பலரிடம் காணி உறுதி இல்லை. வங்கிக்குப் போனால் அரச சம்பளம் எடுப்பவர் பிணை நிற்க வேண்டும். கொம்பனிக்கோ அடையாள அட்டையும் அயலில் நாலு பெண்களும் போதும். ஒருத்தி தவறினால் மற்றவர்கள் சேர்த்துக் கட்ட வேண்டும். மாடு செத்தாலும் பயறு வெள்ளத்தில் போனாலும் செவ்வாய்க்கிழமை தவணைக் கூட்டத்துக்குக் காசோடு போயாக வேண்டும். காசு வரும்வரை முற்றத்துக் கதிரையை விட்டு எழும்பாத அலுவலரை உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள்.

வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் வீதிக்கு இறங்கிய பிறகே 2018இல் அரசு அசைந்தது. வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. உரிமம் பெற்ற நிதி நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு மத்திய வங்கி 35 வீத உச்சவரம்பு வைத்தது. 2021 மார்ச்சில் பொலன்னறுவையின் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்களும் இதே கடனுக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

நியூயோர்க்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2008இல் வங்கிகளைப் பொதுப்பணம் காப்பாற்றியது. வீட்டுக்கடன் கட்ட முடியாதவர்கள் வீடிழந்தார்கள். 2011 செப்டெம்பர் 17இல் ‘வோல் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம்’ என்று நியூயோர்க்கின் சுக்கோட்டி பூங்காவில் உட்கார்ந்தவர்கள் கேட்டது அந்த ஓரவஞ்சனையைப் பற்றித்தான். காலிமுகத்திடலில் இருந்தவர்களிடம் ‘முள்ளிவாய்க்காலின்போது எங்கே இருந்தீர்கள்’ என்று கேட்க வன்னிக்கு முழு உரிமை உண்டு. ஆனால் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றவர்களின் கோபம் பொய்யில்லை. 2022 மே 9இல் ஆட்சியிலிருந்தவர்களின் ஆதரவாளர்கள் அவர்களை அடித்தது அநியாயம். அதற்குப் பதிலாக வீடுகளைக் கொளுத்தியதும், நிட்டம்புவவில் ஒரு பாராளுமன்ற உறுப்பினரும் அவருடைய பாதுகாவலரும் உயிரிழந்ததும் அநியாயமே. இதில் மழுப்ப ஒன்றுமில்லை.

ஒரு போராட்டம் நேர்மையானதா என்று நான் பார்ப்பது, அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதை வைத்துத்தான். இந்த இடத்தில் போராடுகிறவர்களோடும் எனக்குப் பிணக்கு உண்டு. கடையடைப்பு என்று அறிவித்தால் கூலிக்காரருக்கு ஒருநாள் சம்பளம் போகும், சந்தையில் மரக்கறி வாடும். கொம்பனிக்கு ஒரு சதம் நட்டமில்லை. அன்றும் வட்டி ஏறும். தவணை வாங்க மோட்டார் சைக்கிளில் வரும் பெடியனை மறித்துத் தூஷணத்தால் ஏசுவதும் அப்படித்தான். அவனும் பக்கத்து ஊர்ப் பிள்ளை. இலக்கு எட்டாவிட்டால் அவனுடைய வேலை போய்விடும். பெண்களிடம் தகாத முறையில் நடந்தவன் என்றால் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள், பின்வாங்க வேண்டாம். மற்றப்படி வட்டியைத் தீர்மானிப்பவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். கடன் அட்டைகளின் பிரதிகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு அவர்களுடைய தலைமையகத்துக்கும் மத்திய வங்கிக்கும் பஸ் பிடிக்க வேண்டும். ஊரில் படுத்துக்கிடக்கும் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தை எழுப்ப உங்களைப் போலக் கணக்குத் தெரிந்தவர்கள் முன்வர வேண்டும். மல்லாவியிலிருந்து அந்த பஸ் எப்போது புறப்படும் என்று எழுதுங்கள்; எனக்கும் ஒரு இடம் பிடித்து வையுங்கள்.