தொட்டியில் இருக்கும் கள்ளிச்செடி அடியில் பழுப்பாகிச் சுருங்குகிறது, தண்ணீர் போதவில்லையா?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. செடி சுருங்குகிறதே, பாவம் என்று இந்நேரம் இன்னொரு டம்ளர் ஊற்றியிருப்பீர்கள். நானும் ஊற்றியவள்தான். அதனால் முதலில் டம்ளரைக் கீழே வையுங்கள்.

ஒரு குச்சியால் அந்தப் பழுப்பான இடத்தை அழுத்திப் பாருங்கள். மரப்பட்டை மாதிரி கெட்டியாக இருந்தால் நோயே இல்லை. வயதான கள்ளிக்கு அடியிலிருந்து தோல் அப்படித்தான் தடிக்கும், விட்டுவிடலாம். கொழகொழவென்று அமுங்கினால் அழுகல். அப்படியானால் இன்றைக்கே தொட்டியிலிருந்து எடுத்தாக வேண்டும்.

நான் தாவரவியல் படித்தவள் இல்லை. வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டோடு தையல் வேலை செய்கிறவள். தெரிந்தவர்கள் திருத்தினால் திருந்திக்கொள்கிறேன். ஆனால் "முள்செடி வீட்டுக்கு ஆகாது, வாஸ்துப்படி தூக்கிப் போடு" என்று சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து வேறு பதிலுக்குப் போய்விடுங்கள். அதை என் நாத்தனாரிடமே போதுமான அளவு கேட்டாகிவிட்டது.

பெரியவன் ஓசூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போனது ஒரு தூண் கள்ளி. ஒரு சாண் உயரம் இருக்கும். ஒரு நர்சரியில் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தோடு வாங்கியது. "ஒண்ணும் செய்ய வேணாம்மா, அது பாட்டுக்கு இருக்கும்" என்றான். ஒன்றும் செய்யாமல் இருக்க எனக்குத் தெரிந்தால்தானே!

அது கத்திரி வெயில் நேரம். எங்கள் ஊர் மே மாதத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், நாற்பது டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். எனக்கே நாக்கு வறள்கிறது, அதற்கு வறளாதா என்று தினமும் சாயங்காலம் அரை டம்ளர் ஊற்றினேன். இரண்டு வாரத்தில் பக்கங்கள் ஒட்டின. தாகம்தான் என்று முழு டம்ளர் ஆக்கினேன். அடி பழுப்பானது. ஒரு நாள் காலையில் பார்த்தால் செடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, பக்கத்தில் போனால் ஊறின சாக்கு மாதிரி ஒரு வாடை.

கிண்ணத்தைத் தூக்கினேன். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி தனியாக இருந்தது. அதற்கு ஓட்டை உண்டு, வெளிக் கிண்ணத்துக்கு இல்லை. வடிந்த தண்ணீர் அத்தனையும் கிண்ணத்திலேயே நின்று, வேர் வாரக்கணக்கில் குளித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதிலும் அந்தத் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி இருந்தது. நான் ஊற்றியது குழாய்த் தண்ணீர். அப்புறம் வெள்ளை எங்கிருந்து வந்தது?

"அத்தை, நீங்க இதுக்குத் தண்ணி ஊத்தறீங்களா?"

"ஏம்மா, வாயில்லா ஜீவன் வாடிப் போவுதே. அரிசி கழுவின தண்ணிதான், சும்மா கொட்டறதைக் கொஞ்சம் ஊத்தினேன். அது இன்னா குத்தமா?"

காலையில் அவர், சாயங்காலம் நான். இரண்டு பேருக்கும் தெரியாது. கோபம் வந்தது, ஆனால் அரை டம்ளரை முழு டம்ளராக்கியவள் நான்தானே. வாயை மூடிக்கொண்டேன். (உங்கள் வீட்டிலும் ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். நீங்கள் மட்டும்தான் ஊற்றுகிறீர்கள் என்று நம்பிவிடாதீர்கள்.)

வேர் அழுகிவிட்டால் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் செடியால் உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீரிலேயே நின்றுகொண்டு தாகத்தில் சுருங்குகிறது. நாம் சுருக்கத்தைப் பார்த்து மேலும் ஊற்றுகிறோம். கள்ளி பகல் வெயிலில் தன் துளைகளை மூடிக்கொண்டு ராத்திரியில்தான் திறக்குமாம், அதனால் அதற்கு ஆவியாகி வீணாவது குறைவு. நம் வீட்டு வாசலில் திருஷ்டிக்குத் தலைகீழாகக் கட்டும் கற்றாழையை நினைத்துப் பாருங்கள். அது கள்ளி வகை இல்லை, சரி. ஆனாலும் மண் இல்லை, தண்ணீர் இல்லை, மாதக்கணக்கில் பச்சையாகத் தொங்குகிறது. தினமும் அதன் அடியில் போய் வந்த எனக்கு இது உறைக்கவே இல்லை.

வைத்தியம் வெட்டுதான். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகலுக்கு மேலே வெட்டுங்கள். வெட்டிய முகத்தில், நடுத்தண்டில், ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் இன்னும் கொஞ்சம் மேலே வெட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கத்தியைத் துடைக்க வேண்டும். நான் நான்கு தடவை வெட்டினேன். ஒரு சாண் செடி கட்டைவிரல் நீளம் ஆனது. அதைப் பழைய பேப்பர் மேல் நிழலில் பத்து நாள் காய விட்டேன். வெட்டுவாய் தோல் கட்டினால்தான் நட வேண்டும், ஈரத்தோடு நட்டால் மறுபடி அழுகும். நட்ட பிறகும் வேர் பிடிக்கும்வரை தண்ணீர் கூடாது. வெட்டும்போது பால் வடிந்தால் உங்களுடையது சதுரக்கள்ளி, திருகுகள்ளி இனம். அந்தப் பால் கண்ணில் படக்கூடாது, ஜாக்கிரதை. பச்சைத் தண்டின் மேல் சிவப்பு உருண்டை ஒட்டிய வகை என்றால் இன்னும் சிக்கல். அந்தச் சிவப்பில் பச்சையமே கிடையாது, கீழ்த்தண்டு செத்தால் அதுவும் போச்சு.

நடுவதற்கு மணல் வேண்டுமே. இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. "தண்ணீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில்" என்று எங்கள் ஊரைப் பற்றிக் கிண்டலாகச் சொல்வார்கள். கோட்டைக் கோயில் சாமியான ஜலகண்டேஸ்வரர் 1981இல் எங்கள் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குள் திரும்பப் போய்விட்டார். பாலாற்றிலும் 2021 நவம்பரில் கரை புரண்டு வெள்ளம் போனது. ஆனால் மணல்? சின்ன வயதில் ஆற்றில் கையால் தோண்டினால் ஊற்று வரும். இன்றைக்கு ஒரு படி மணலுக்கு நான் யாரிடம் கேட்பது? லாரி லாரியாகப் போனபோது ஒருவரும் கேட்கவில்லை. நான் ஒரு பை அள்ளினால் வழக்கு வருமோ என்று பயம். கடைசியில் எதிர்வீட்டுக் கட்டட வேலையில் எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கேட்டு வாங்கினேன். அதை அப்படியே போட்டுவிடாதீர்கள். தூள் அதிகம், நனைந்தால் இறுகிவிடும். மாவு சல்லடையில் (பழையதுதான்!) சலித்து, இரண்டு தண்ணீர் அலசி, உடைத்த செங்கல் சில்லு பாதி, கொஞ்சம் செம்மண், ஒரு பிடி மக்கின எரு சேர்த்தேன். ஓட்டையுள்ள மண்தொட்டி. ஆறு வாரம் கழித்து லேசாக இழுத்தேன், வரவில்லை. வேர் பிடித்துவிட்டது.

ஓரங்களில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் அது வேறு, மாவுப்பூச்சி. காதுகுடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்துத் துடைத்தால் போகும். அதன் உறவுக்காரப் பூச்சி ஒன்றை 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டுத்தான் நம் பக்கத்துச் சப்பாத்திக்கள்ளிப் புதர்களை அழித்தார்களாம், அதனால் சின்னப் பூச்சிதானே என்று விடாதீர்கள். வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் சுட்டதுதான், தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

இப்போது மண் அடிவரை காய்ந்த பிறகுதான் தண்ணீர், ஐப்பசி கார்த்திகை மழையில் அதுவும் இல்லை. செடி இன்னும் இரண்டு விரல் உயரம் வளர்ந்திருக்கிறது. போன வாரம் தொட்டி மண் ஈரமாக இருந்தது. அத்தையைப் பார்த்தேன். "என்னைப் பார்க்காதே, நான் அந்தப் பக்கமே போறதில்ல" என்றார். திரும்பினேன். வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.