கேள்வி–பதில்: ஓடுகிற மகளோடு நெமியாவுக்கு

கேள்வி: ஓகஸ்ட் லீவில் ஏதென்ஸில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறோம். ஒரு நாள் நெமியாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான். அது வைன் செய்கிற ஊராம், எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. மகளுக்கு 13 வயது, இல்ல விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றர் ஓடுகிறவள். அந்த நாளில் ஒலிம்பிக் பிறந்த ஒலிம்பியாவுக்கே போனால் என்ன?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: தம்பி சொல்வதைக் கேளுங்கள், சகோதரி. ஒலிம்பியா பெரிய இடம்தான், ஆனால் ஏதென்ஸிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பினால் பொழுதெல்லாம் வாகனத்திலேயே கழிந்துவிடும். நெமியா சுமார் 120 கிலோமீற்றர்தான். வைன் கிடக்கட்டும், ஓடுகிற பிள்ளைக்குக் காட்ட வேண்டிய இடம் அதுதான்.

பழைய கிரேக்கர்கள் எல்லா ஊரிலிருந்தும் வந்து கூடிய நான்கு பெரிய விளையாட்டு விழாக்களில் ஒன்று, கி.மு. 573 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இங்கே நடந்தது. முதலில் கிரேக்கர்களின் தலைமைத் தெய்வமான சியுஸ் கோயிலின் தூண்களைப் பாருங்கள். அப்புறம் சற்றுத் தள்ளியிருக்கும் ஓடுகளத்துக்குப் போங்கள், அங்கே அவசரப்படவே வேண்டாம். வீரர்கள் உடை மாற்றிய கட்டடத்தின் அடித்தளம் இருக்கிறது, அதைத் தாண்டினால் 36 மீற்றர் நீளமான கல் சுரங்கவழி, அதற்குள் நின்றுதான் தங்கள் முறைக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் மேசையில் கவராயத்தால் கீறுவதுபோல அவர்களும் சுவரில் கீறியிருக்கிறார்கள்: "அக்ரோதாதோஸ் அழகன்" என்று ஒருவன் எழுத, "எழுதினவன் கண்ணுக்கு" என்று இன்னொருவன் பக்கத்தில் சேர்த்திருக்கிறான். அதைப் பார்த்தபோது 2300 வருடம் என்பதே எனக்கு மறந்துபோனது.

சுரங்கத்தைவிட்டு வெளிச்சத்துக்கு வந்தால் ஓடுகளம். ஓட்டம் தொடங்கும் கோட்டில் பதித்த கல்லில் கால்விரல்களை ஊன்ற இரண்டு பள்ளக்கோடுகள் வெட்டியிருக்கும். காவலரிடம் கேட்டுவிட்டு மகளைச் சப்பாத்தைக் கழற்றி அதில் நிற்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளை இங்கே ஓட விட்டதாகப் பெரிதாகச் செய்தி இல்லை, ஆனால் 1996 இல் இந்த விழாவைத் திரும்பத் தொடங்கியபோது பெண்கள், சிறுவர், வயதானவர்கள் என்று எல்லோரும் வெறுங்காலில் ஓடினார்கள்.

வென்றவனுக்குக் கொடுத்தது காட்டுச் செலரி இலையால் கட்டிய கிரீடம். ஒபெல்தேஸ் என்ற குழந்தையைத் தாதி செலரிப் படுக்கையில் கிடத்திவிட்டு, போருக்குப் போய்க்கொண்டிருந்த வீரர்களுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில் பாம்பு கடித்துக் கொன்றதாம், அந்தப் பிள்ளையின் நினைவாகத்தான் விழா தொடங்கியது என்பது கதை. நடுவர்கள் கறுப்பு உடுத்தியதும் அந்தத் துக்கத்துக்குத்தான். இதை மகளுக்கு அங்கே வைத்தே சொல்லுங்கள்.

வழியெல்லாம் அகியோர்கிட்டிகோ என்ற கறுப்பு முந்திரிகைத் தோட்டங்கள். யாழ்ப்பாணத்துப் பந்தல் மாதிரி இல்லை, தாழ்வாகக் கம்பியில் படரவிட்டிருப்பார்கள். குடிக்காதவர்களுக்கும் பார்க்க அழகு.

ஓகஸ்ட் வெயில் கடுமை, ஓடுகளத்தில் நிழலே கிடையாது. காலையிலேயே அதை முடித்துவிட்டு, மத்தியானத்தில் கோயிலருகே உள்ள அருங்காட்சியகத்துக்குள் போய் இருங்கள்.