பக்தி நாவலில் அற்புதங்களை எப்படி எழுதுவது?

"நாயன்மார் ஒருவரின் வாழ்க்கையை நாவலாக எழுதுகிறேன். அற்புதம் வரும் இடங்களில் கை நின்றுவிடுகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். அடியார் மேல் பக்தியும் இருக்கும், படிப்பவர்கள் சிரிப்பார்களோ என்ற பயமும் இருக்கும். எனக்கும் இரண்டும் இருந்தன.

நான் எழுதியது காரைக்கால் அம்மையாரைப் பற்றி. மாம்பழ அத்தியாயத்துக்கே எட்டு மாதம் ஆனது. கணவன் பரமதத்தன் அனுப்பிய இரண்டு பழங்களில் ஒன்றை, பசியோடு வந்த அடியாருக்குப் படைத்துவிடுகிறார் புனிதவதி; அதுதான் அம்மையாரின் இயற்பெயர். சாப்பிட வந்தவன் மற்றதைத் தின்றுவிட்டு இன்னொன்றும் கேட்கிறான். இறைவனை நினைக்க, கையில் பழம் வருகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்ததாக முதலில் மாற்றி எழுதினேன். நம்பும்படி இருந்தது, ஆனால் அதில் அம்மையார் இல்லை. கிழித்துவிட்டு ஒரே ஒளியும் மணியோசையுமாக எழுதினேன். அதிலும் அவர் இல்லை.

அப்புறம் சேக்கிழாரின் பெரியபுராணத்தை மறுபடி எடுத்தேன். நம்பாத பரமதத்தன் இன்னொரு பழம் வரவழைக்கச் சொல்கிறான். வந்த பழம் அவன் கைக்குப் போனதும் மறைந்துவிடுகிறது. அந்தப் பயத்தில்தான் கப்பலேறுகிறான், பாண்டிநாட்டில் வேறு கல்யாணம் செய்கிறான், பிறந்த பெண்ணுக்கு இவர் பெயரையே வைக்கிறான். நான் எழுத வேண்டியது அவன் கையைத்தான்!

எங்கள் வீட்டுக்காரரைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையில் ஒரு மாம்பழத்தை வைத்துச் சட்டென்று எடுத்தேன். கனம் போனதும் கை தானாகக் கொஞ்சம் மேலே எழும்பியது. விரலில் காம்புப் பிசுக்கும் வாசனையும் ஒட்டியிருந்தன. நாவலில் பரமதத்தன் கப்பலில் உட்கார்ந்து கடல்நீரால் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறான், அந்த வாசனை போகவில்லை. இது சேக்கிழாரில் இல்லை, என் கற்பனை என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டேன். சைவப் பெரியவர்கள் கோபிக்க வேண்டாம். சேக்கிழாரை மீறும் எண்ணம் எனக்கு இல்லை.

மெய்ப்புப் பார்த்தவர் "பேய்" என்ற இடத்தையெல்லாம் "அம்மை" என்று திருத்திவிட்டார். மரியாதைக்காகவாம். தன் பதிகத்தில் தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொண்டது அம்மையாரே. அதைத் திருத்த நாம் யார்? பதிப்பகமோ 200 பிரதிகளை நானே வாங்கினால்தான் அச்சுக்குப் போகும் என்றது. வளையலை அடகு வைத்தேன். எழுதுகிறவளே ஏன் பணம் கட்ட வேண்டும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நாயனார் பாடியவர் என்றால் முதலில் அவர் பாடல்களைப் படியுங்கள். அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 பாட்டு. "பிறந்து மொழிபயின்ற பின்னெல்லாம்" என்று தொடங்கும். என் முதல் அத்தியாயத்தின் குழந்தை அந்த வரியிலிருந்து வந்தவள். பாடல் எதுவும் விட்டுச்செல்லாதவர் என்றால், அற்புதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் யார் என்று தேடுங்கள். வேடரான கண்ணப்பரின் கதையில், கோயிலில் பூசை செய்யும் சிவகோசரியார் இருக்கிறார். இறைவன் சொன்னபடி ஒளிந்திருந்து, அந்த வேடன் தன் கண்ணைத் தோண்டுவதைப் பார்த்தவர்.