முறிந்த கால் எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு வருடமாக உடைந்த பொருட்களையும் கைவிடப்பட்ட பொருட்களையும் படமெடுத்து வருகிறேன். கால் முறிந்த பிளாஸ்டிக் நாற்காலி, கம்பி பிதுங்கிய குடை, துருவேறிய சைக்கிள், ஒற்றைச் செருப்பு. நேரில் என்னைப் பிடித்து நிறுத்துபவை படத்தில் வெறும் குப்பையாகத் தெரிகின்றன. கறுப்பு வெள்ளையாக மாற்றினால் சோகமாக இருக்கிறதே தவிர, பொருள் தெரியவில்லை. துருவெல்லாம் ஒரே ஆரஞ்சுக் கறையாகிவிடுகிறது. பெரும்பாலும் செல்போனில் எடுக்கிறேன். எப்போதாவது 50 மி.மீ. லென்ஸ் போட்ட கேமராவில். மதிய இடைவேளையில்தான் நேரம் கிடைக்கிறது. இன்னொரு சந்தேகம்: பொருளைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து எடுக்கலாமா, அது பொய்யாகிவிடுமா? நாற்காலிப் படத்தை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கு.

அன்புள்ள கு.,

நாற்காலிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முறிந்தது இடப்பக்கப் பின்கால். அதை யாரோ கம்பியால் நாலைந்து சுற்றுச் சுற்றி இறுக்கியிருக்கிறார்கள். கம்பி பிளாஸ்டிக்கை அறுக்காமல் இருக்க அடியில் ஒரு துணியை மடித்து வைத்திருக்கிறார்கள். உங்களைப் பிடித்து நிறுத்தியது அந்தத் துணிதான் என்று நினைக்கிறேன். ஆனால் படத்தில் அது நகத்தளவுகூட இல்லை. மீதியெல்லாம் தரை, சுவர், ஒரு தண்ணீர்க் குழாய், உங்கள் நிழல்.

கேமராவை எடுக்கும் முன் பொருளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கே உடைந்தது? எதனால் உடைந்தது? உடைந்த பிறகும் யாராவது பயன்படுத்தினார்களா? இவற்றில் ஒன்றுக்காவது படத்தில் பதில் இருக்க வேண்டும். பதிலே இல்லாத படம்தான் குப்பையாகத் தெரிகிறது.

இதற்கு உடைவை வாசிக்கப் பழக வேண்டும். வளைந்து முறியும் பிளாஸ்டிக், விரிசலை ஒட்டி வெள்ளை வெளேரென்று வெளுத்திருக்கும். வெயிலில் கிடந்து நைந்ததென்றால் மேற்பரப்பு முழுக்கச் சுண்ணாம்பு பூசினாற்போல் மங்கி, மயிரிழை விரிசல்கள் ஓடியிருக்கும். வெளியில் கிடக்கும் மரம் சாம்பல் நிறமாகிவிடும். அதில் முறிந்த முகம் மட்டும் வெளிர் மஞ்சளாக இருந்தால் முறிவு புதியது, அதுவும் சாம்பலாகிவிட்டால் பழையது. சாதாரணக் கண்ணாடியில் அடி விழுந்த புள்ளியிலிருந்து கோடுகள் ஆரம் ஆரமாகப் பிரியும்; கெட்டிப்படுத்திய கண்ணாடி கற்கண்டுபோலப் பொடிப்பொடியாகச் சிதறும். பெயின்ட் அடித்த இரும்பில் துரு, பெயின்ட் பெயர்ந்த இடத்தில் தொடங்கி அடியால் ஊர்ந்து போய்ப் பக்கத்துப் பெயின்டைக் கொப்பளமாகத் தூக்கும். அந்தக் கொப்பளத்தின் விளிம்பைத்தான் படமெடுக்க வேண்டும். முழுக்கத் துருவேறிய நடுப்பகுதியில் பார்க்க ஒன்றும் இருக்காது. உங்கள் சைக்கிள் படம் ஒரே கறையானதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மறுபாதிக் காரணம் எக்ஸ்போஷர், அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு. துருவில் சிவப்பு மிக அதிகம். மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதுபோலத் தெரியும்போதே சிவப்பு மட்டும் உச்சத்தை முட்டி, உள்ளே இருக்கும் நுணுக்கமெல்லாம் அழிந்துவிடும். கேமராவில் மூன்று நிறங்களுக்கும் தனித்தனியாக ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) காட்டும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு, சிவப்பு வலது சுவரில் மோதாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒரு ஸ்டாப்பிலிருந்து மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை போதும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பாக எடுங்கள். எடிட்டிங்கில் நிறச்செறிவை ஏற்றவே ஏற்றாதீர்கள். ஆரஞ்சை மட்டும் சற்றுக் குறைத்துப் பாருங்கள், பழுப்பு, ஊதா, கறுப்பு எல்லாம் தனித்தனியாக வெளியே வரும். செல்போனில் துருவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைக்கலாம்.

எக்ஸ்போஷரில் இன்னொரு பொறியும் உண்டு. கரிய பொருள் சட்டகத்தை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும். வெள்ளைப் பொருளையும் சாம்பலாகத்தான் ஆக்கும். கருகிய பாத்திரத்துக்கு ஒரு ஸ்டாப் குறையுங்கள். வெளுத்த வாளிக்கு முக்கால் ஸ்டாப் கூட்டுங்கள்.

மதிய வெளிச்சத்துக்கு வருவோம். மதியம் எதற்கும் ஆகாது என்று சொல்லிச் சொல்லியே பலரைப் பயமுறுத்திவிட்டார்கள். உடைவு கண்ணுக்குத் தெரிவது அதன் மேடுபள்ளத்தால். மேடுபள்ளம் தெரிய வேண்டுமானால் ஒளி மேற்பரப்பை உரசிக்கொண்டு சரிவாக வர வேண்டும். உச்சி வெயில் தரையில் கிடக்கும் பொருளின் மேல் செங்குத்தாக விழுவதால் அங்கே எல்லாம் தட்டையாகிவிடுகிறது. அதே வெயில் நிமிர்ந்து நிற்கும் சுவரையும் கதவையும் மேலிருந்து கீழாக உரசிக்கொண்டு போகும். உரிந்த பெயின்ட், கழன்ற கீல், அடித்துப் பிடுங்கிய ஆணியின் துளை, கிழிந்து தொங்கும் சுவரொட்டி இவையெல்லாம் மதியத்துக்கு உரியவை. வெயில் சுவரைத் தொட்டும் தொடாமலும் வழுக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் விடாதீர்கள். தரையில் கிடப்பதை மதியத்தில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் கூரையின் கீழோ வாசல் ஓரத்திலோ ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி வரும் இடத்தில் கிடப்பதைத் தேடுங்கள். நிழலில் எடுத்தால் படம் நீலம் தட்டும். ஒளியின் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ‘நிழல்’ என்பதில் வையுங்கள், ஏறக்குறைய 7000 கெல்வின்.

மேகமூட்டமான நாள் இதற்கு நேர் எதிர். மேடுபள்ளம் அடங்கி வடிவம் மேலே வரும். ஜெர்மனியின் பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதியர் 1959 முதல் பல பத்தாண்டுகள், வழக்கொழிந்து வந்த தொழிற்சாலைக் கட்டுமானங்களைப் பெரும்பாலும் மூடிய வானத்தின் கீழ்தான் எடுத்தார்கள். நிழல் குறுக்கிடாததால் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் இன்னொரு தண்ணீர்த் தொட்டியையும் அருகருகே வைத்து ஒப்பிட முடிகிறது. குடை, செருப்புபோல உருவமே முக்கியமான பொருட்களுக்கு மேகத்தை நம்புங்கள். விரிசல், துரு, உரிவுக்கு வெயில்.

கண்ணாடி தனிச் சாதி. விரிசல் ஒளிர வேண்டுமானால் பின்னால் இருட்டு வேண்டும், ஒளி பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலிருந்தோ வர வேண்டும். விரிசலின் மேலேயே ஃபோகஸ் செய்யுங்கள். தானியங்கி ஃபோகஸ் பெரும்பாலும் கண்ணாடியைத் தாண்டிப் போய்விடும். பிரதிபலிப்பு தொல்லை தந்தால் லென்ஸ் முன் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) போட்டு, கண்ணாடிப் பரப்புக்கு ஏறத்தாழ 35 டிகிரி சாய்வில் நின்று வளையத்தைத் திருப்புங்கள். மழைக்குப் பின் நனைந்த பெயின்டுக்கும் இது உதவும். வெற்று உலோகத்தின் மினுமினுப்பை மட்டும் குறைக்காது. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதால் ஷட்டர் வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் 50 மி.மீ. லென்ஸ் இந்த வேலைக்கு நல்ல லென்ஸ். செல்போனின் முதன்மை கேமரா அகலக் கோணம் கொண்டது; கிட்டே போனால் முன்னால் இருப்பதைப் பெரிதாக்கி, பின்னால் இருப்பதைச் சுருக்கிவிடும். கால் முறிந்த நாற்காலி அதனால்தான் கோணிப் போயிருக்கிறது. ஜூமை இரண்டு மடங்கில் வைத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். மிகக் கிட்டே போகும்போது போன் தானாகவே வேறு லென்ஸுக்கு மாறி விளிம்புகளைக் குழப்பும். அந்த மேக்ரோ வசதியை அணைத்துவிடுங்கள்.

லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்துப் பின்னணியை மங்கலாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முழு அளவு சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ், அரை மீட்டர் தூரம், எஃப்2.8 (துவாரத்தின் அளவு; எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்) என்றால் கூர்மையாக இருப்பது ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம்தான். கம்பி கூர்மையாக இருக்கும், துணி மங்கிவிடும். எஃப்8 வைத்தால் நாலு சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கும். எஃப்16-ஐத் தாண்டினால் சிறிய துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைவதால் மொத்தப் படமும் சற்று மழுங்கும். ஆகவே எஃப்8, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 400 முதல் 800, கையில் பிடித்தால் 1/125 வினாடிக்குக் குறையாமல். ட்ரைபாட் இருந்தால் ஐஎஸ்ஓ 100, இரண்டு வினாடி டைமர். பின்னணியை மங்கலாக்குவதைவிடப் பின்னணியை மாற்றுவது மேல். முழங்காலிட்டு, பொருளின் உயரத்துக்கு இறங்கி இரண்டடி நகர்ந்தால் உங்கள் குழாய் தானாகவே மறைந்திருக்கும். அமுக்கும் முன் சட்டகத்தின் நாலு மூலைகளையும் ஒருமுறை பாருங்கள்.

கறுப்பு வெள்ளையைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. துருவுக்கும் நிழலுக்கும், பாசிக்கும் அழுக்குக்கும் வித்தியாசம் காட்டுவது நிறம். அதை எடுத்துவிட்டால் நான்கும் ஒரே கருமையாகிவிடும். ஒட்டிக்கொள்ளும் சோகம் நிறத்தை எடுத்ததால் வந்தது, பொருளிலிருந்து வந்ததல்ல. வடிவம் மட்டுமே பேசும் படத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நகர்த்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஏர்விங் பென் தெருவில் கிடந்த சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய் ஸ்டுடியோவில் வைத்து எடுத்து, பிளாட்டினத்தால் படம் பதியும் அச்சுகளாக்கினார். 1975-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. ஸ்டுடியோவில் எடுத்தது என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும், அதனால் அங்கே பொய் இல்லை. ‘கிடந்தபடியே எடுத்தேன்’ என்று சொல்லிக்கொண்டு செருப்பைத் திருப்பி வைத்தால்தான் பொய். நகர்த்தினால் குறிப்பில் எழுதிவிடுங்கள், எழுத முடியாதென்றால் நகர்த்தாதீர்கள். தூசியைத் துடைக்கவே வேண்டாம். எவ்வளவு காலமாகக் கிடக்கிறது என்று சொல்வதே அதுதான்.

கைவிடப்பட்டதாகத் தெரிவதெல்லாம் கைவிடப்பட்டதல்ல. மடித்து வைத்த அட்டை, மூட்டை கட்டிய துணி, அருகில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருந்தால் அது ஒரு மனிதரின் வீடு. கேட்காமல் எடுக்காதீர்கள். கடிதம், மருந்துச் சீட்டு, வண்டி எண் தெரியும் படத்தை வெளியிடாதீர்கள்.

தடித்த அடியுள்ள மூடிய செருப்பும், முழங்காலுக்குக் கீழே போட ஒரு மெத்தைத் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அசைக்காதீர்கள், அதன் தூசி நுரையீரலுக்கு எமன். டெட்டனஸ் துருவால் வருவதில்லை, மண்ணிலும் அழுக்கிலும் இருக்கும் கிருமியால் வருவது. ஆழமாகக் குத்தும் எந்த ஆணியும் அதை உள்ளே கொண்டுபோகும். தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்காலி இன்னும் அங்கேயே இருந்தால் மேகமூட்டமான நாளில் முழு உருவத்தை ஒரு படம் எடுங்கள். பிறகு வெயில் சரியும் நேரத்தில், 50 மி.மீ. லென்ஸில், எஃப்8-இல், கம்பி கட்டிய காலுக்கு நேராகத் தரையோடு தரையாக இறங்கி, கேமராவின் முகம் காலுக்கு இணையாக இருக்கும்படி ஒரு படம். ஃபோகஸ் கம்பியில் வேண்டாம், கம்பிக்கு அடியில் துணியின் விளிம்பு எட்டிப் பார்க்கும் இடத்தில் வையுங்கள். இரண்டையும் அனுப்புங்கள்.