ஸ்னூக்கர் கேள்வி பதில்: கியூ (பந்தை அடிக்கும் கோல்) நேராகப் போக

கேள்வி: நேராகத்தான் அடிக்கிறேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் நீளமான ஷாட்டெல்லாம் பாக்கெட் வாயில் பட்டுத் திரும்புகிறது. கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் மற்ற பந்துகளை எடுத்து ஓரமாக வையுங்கள். பாட் செய்து (பந்தைப் பாக்கெட்டில் விழவைத்து) பார்த்தால் தப்பு குறியிலா கையிலா என்று பிரிக்கவே முடியாது. வெள்ளைப் பந்தை மட்டும் பிரவுன் ஸ்பாட்டில் (பிரவுன் பந்து வைக்கும் புள்ளியில்) வைத்து, அதே நேர்கோட்டில் உள்ள புளூ, பிங்க், பிளாக் ஸ்பாட்களின் மேலாக எதிர் குஷனுக்கு (மேஜை ஓரத்து ரப்பர் விளிம்புக்கு) அடியுங்கள். அடித்ததும் கியூவை இழுத்துக்கொள்ளாதீர்கள், நீட்டியபடியே வைத்திருங்கள். பந்து திரும்பி வந்து டிப்பில் (கியூவின் நுனியில்) முட்ட வேண்டும்.

போகும்போதே ஸ்பாட்டை விட்டு விலகினால், நீங்கள் நின்ற கோடோ கியூ போன திசையோ தப்பு. கோட்டிலேயே போய், குஷனில் பட்ட பிறகு வலப்பக்கம் ஒதுங்கி வந்தால், பந்தின் நடுவுக்கு வலப்புறம் தொட்டிருக்கிறீர்கள். மெதுவாக அடிக்கும்போது தேறிவிடுவீர்கள். வேகத்தைக் கூட்டும்போதுதான் சாயம் வெளுக்கும்.

கேள்வி: செய்து பார்த்தேன் சார். எப்போதும் வலப்பக்கமே வருகிறது. முழங்கைதான் காரணமா?

பதில்: இருக்கலாம். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது பிடியைத்தான். கியூவைப் பின்னால் இழுக்கும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் தளர்ந்து கொடுக்க வேண்டும், முன்னால் வரும்போது தானாக மூட வேண்டும். ஐந்து விரலும் இறுக்கிப் பிடித்தால் அடிக்கும் நொடியில் மணிக்கட்டு திரும்பும், டிப் ஓரத்துக்கு நகரும். போனை உங்களுக்குப் பின்னால், ஷாட்டின் கோட்டிலேயே வைத்துப் படம் எடுங்கள். முழங்கை கியூவுக்கு நேர் மேலே இருக்கிறதா, மணிக்கட்டு அசைகிறதா என்று அதில் தெரிந்துவிடும். எப்போதும் ஒரே பக்கம் விலகுவது நல்லதுதான். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு திசையில் போனால்தான் தலைவலி.

கேள்வி: கியூ தாடைக்கு நடுவில்தான் இருக்க வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. 1927 முதல் 1946 வரை 15 முறை உலகப் பட்டம் வென்ற ஜோ டேவிஸுக்கு வலக்கண் பார்வை மங்கல். கியூவை இடக்கண்ணுக்குக் கீழே ஓடவிட்டே ஆடினார். உங்களுக்கு நேர்கோடு எங்கே நேராகத் தெரிகிறதோ அங்கே வையுங்கள். அந்த இடத்தைத் தினமும் மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: புது கியூ வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. டிப் தட்டையாகிவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: மெதுவாக அடித்தால் நேராகப் போகிறது, பலமாக அடித்தால் கோணுகிறது. ஏன்?

பதில்: பலத்துக்குத் தோளைக் கூப்பிடுகிறீர்கள். தோள் வந்தால் உடம்பும் கூடவே வரும், தலையும் தூக்கும். பலம் வேண்டுமென்றால் கியூவை இன்னும் கொஞ்சம் நீளமாக, ஆனால் அவசரமில்லாமல் பின்னால் இழுங்கள். அங்கே ஒரு கணம் நில்லுங்கள். அந்தக் கணத்தில் கண் வெள்ளையை விட்டு அடிபடும் பந்துக்குப் போய் அங்கேயே நிற்கட்டும். அப்புறம் முன்கையை மட்டும் விடுங்கள். பந்து பாக்கெட்டுக்குப் போய்ச் சேரும்வரை தாடை கியூவிலேயே இருக்கட்டும். இது சொல்லச் சுலபம். பந்து விழுகிறதா என்று எட்டிப் பார்க்கும் ஆசைதான் பாதி ஷாட்டைக் கெடுக்கிறது.