ஒரே மாதத்தில் உரியும் சைக்கிள் பெயின்ட்

எஃகு ஃபிரேமின் பழைய பெயின்டைத் தேய்த்து எடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) இல்லாமலே ஸ்பிரே அடித்ததாகவும், ஒரே மாதத்தில் அது தோல்போல உரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குறை பெயின்டில் இல்லை. வெறும் எஃகு, காற்றிலுள்ள ஈரத்தால் சில மணி நேரத்திலேயே கண்ணுக்குத் தெரியாத அளவில் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்துகொண்டால் மேற்பூச்சுக்குப் பிடிமானமே கிடைக்காது.

ஆகவே உரியும் பூச்சை முழுவதும் நீக்கி, 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 240 வரை தேய்த்து, தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். குழாய்கள் இணையும் மூலைகளில் அவசரம் வேண்டாம். தாள் எட்டாமல் பழைய பூச்சு தங்கிவிடுவது அங்கேதான். கண்ணாடிபோல வழவழப்பாக்கவும் முயல வேண்டாம், நுண்ணிய கீறல்களே பிரைமருக்குப் பற்று. பெடல் அச்சு பொருந்தும் குழலின் மரைகளையும் ஹேண்டில் பேரிங் அமரும் இடங்களையும் முதலிலேயே டேப்பால் மூடிவிடுங்கள். (நான் ஒருமுறை இதை மறந்துவிட்டு, மரைக்குள் உறைந்த பெயின்டைச் சுரண்டியே ஒரு நாளைக் கழித்தேன்.)

பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், தூசியைத் தடுக்கும் முகமூடி அணிந்தே தேய்க்கவும்.

பிரைமர் காய்ந்தபின் 400 எண் தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்து, டப்பாவில் குறித்துள்ள இடைவெளியில், மெல்லிய மூன்று நான்கு பூச்சுகளாக வண்ணம் அடியுங்கள். தொட்டால் ஒட்டாதது வேறு, உள்வரை இறுகியது வேறு. பாகங்களைப் பூட்ட ஒரு வாரமாவது பொறுத்திருங்கள்.