பழைய மடிக்கணினியில் கியூஜிஐஎஸ்

கேள்வி: விண்டோஸ் 7 மடிக்கணினியில் வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்-இன் புதிய பதிப்பைப் போட்டேன். ஏதோ டிஎல்எல் கோப்பு (மென்பொருள் ஓடத் தேவையான துணைக் கோப்பு) இல்லை என்று நின்றுவிடுகிறது. வேறு கணினி வாங்க வசதியில்லை. வழி உண்டா?

பதில்: உண்டு. அந்தக் கோப்பின் பெயர் 'ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்' என்றுதானே தொடங்குகிறது? கியூஜிஐஎஸ்-இன் உள்ளே பைத்தான் என்ற நிரல்மொழி இருக்கிறது; அதன் 3.9-உம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் விண்டோஸ் 7-இல் ஓடாது, அதனால் வருவதுதான் இது. தயவுசெய்து அந்த டிஎல்எல்லை மட்டும் கண்ட தளத்திலிருந்து இறக்கிப் போடாதீர்கள், வைரஸும் கூடவே வந்துவிடலாம். கியூஜிஐஎஸ்-இன் சொந்தத் தளத்திலேயே பழைய பதிப்புகள் கிடைக்கும், அதில் 2019-இல் வந்த 3.10 போதும், 32 பிட்டுக்கும் உண்டு. ஆனால் என் விருப்பம் வேறு: கணினி 64 பிட் என்றால் கோப்புகளைப் பென் டிரைவில் பத்திரப்படுத்திவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான முகப்போடு போடுங்கள். அப்புறம் டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) ஒரே வரி, 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கியூஜிஐஎஸ்' (sudo apt install qgis).